முகம் திருப்பிக்கொண்ட மகன்

நான்கு வருடங்களுக்கு முன்பு, கம்பத்தில் எனக்கு ஆபரேஷன் செய்து இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. மூத்தது பெண். நல்ல எடை, அன்றே மார்பில் போட்டார்கள், குடித்துவிட்டாள். பையனுக்கு மூச்சுத் திணறியது. அவன் முகத்தை நான் சரியாகப் பார்ப்பதற்குள் ஆம்புலன்ஸில் தேனிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

தையலோடு என்னால் போக முடியவில்லை. கணவரும் அவருடைய அக்காவும்தான் அவனோடு இருந்தார்கள். அந்த அக்காவை நான் மதினி என்று கூப்பிடுவேன். வடுகபட்டியில் இருக்கிறார், குழந்தை இல்லை. கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்ததும், அவனை மடியில் போட்டுப் பாட்டிலில் பவுடர் பால் கொடுத்தது மதினிதான். பிள்ளை பிழைத்ததே பெரிது என்றிருந்ததால், அதைப் பற்றி யாருக்கும் வேறு யோசனை வரவில்லை.

வீட்டுக்கு வந்தவனை ஆசையாக அள்ளி மார்பில் வைத்தேன். கொஞ்சம் தேடினான். பிறகு உடம்பை முறுக்கி வீறிட்டு அழுதான். தினமும் அப்படித்தான். ஒரு பக்கம் மகள் நிம்மதியாகக் குடித்துக்கொண்டிருப்பாள். இன்னொரு பக்கம் பால் கட்டி, ஜாக்கெட் நனைந்து, அவனோடு சேர்ந்து நானும் அழுவேன். ஒத்தாசைக்கு எங்களோடு தங்கியிருந்த மதினி வந்து பாட்டிலை வாயில் வைத்தால் சட்டென்று அடங்கிவிடுவான்.

தடுப்பூசி போட வந்த நர்சம்மா பார்த்துவிட்டுச் சொன்னார். "பாட்டில்ல லேசா சப்புனாலே பால் வந்துரும்த்தா. மார்புல பிள்ளைதான் இழுக்கணும். மொதல்ல பழகுனத விட மாட்டேங்குறான். பாட்டில ஒதுக்கிட்டு, ஒம் பாலைப் பீய்ச்சிப் பாலாடைச் சங்குல ஊத்திப் பாரு. சில பிள்ளைக திரும்பி வரும், சிலது வராது."

மதினி அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வழக்கம்போல பாட்டில்களைக் கழுவி, வெந்நீரில் போட்டு எடுத்துத் துடைத்தார். பிறகு அவற்றைத் தன் பைக்குள் வைத்தார்.

"எங்க மதினி கெளம்பிட்டீக?"

"நர்சம்மா சொன்னாகல்ல. நான் இங்கன இருந்தா அவன் என் கையத்தான் தேடுவான். ஒங்கிட்ட வரட்டும்."

பிள்ளையைத் தொட்டிலில் போட்டார். திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

பாலாடையில் குடித்தான். பாதி கழுத்தில் வழியும். சட்டையில்லாமல் நெஞ்சோடு போட்டுக்கொண்டே கிடந்தேன். சாரல் பெய்த ஒரு காலையில், அரைத் தூக்கத்தில் அவனாகவே மார்பைப் பற்றிக் குடித்தான். நான் மூச்சுக்கூட விடவில்லை. கொஞ்ச நேரம்தான். விழித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதன்பிறகு வரவே இல்லை. எனக்கும் பால் குறைந்துபோனது. மகளுக்கே பற்றாத நிலையில், கணவர் கடையில் புதுப் பாட்டில் வாங்கி வந்தார்.

மதினிக்குப் போன் செய்து சொன்னேன்.

"நான் விட்டுட்டு வந்துட்டாலாவது ஒங்கிட்ட வந்துருவான்னு நெனச்சேனே ஆத்தா..." என்றார். அவ்வளவுதான், போனை வைத்துவிட்டார்.

இரண்டு பேரும் இப்போது பால்வாடிக்குப் போகிறார்கள். பையனுக்கு ஒரு குறையும் இல்லை. பால் இருந்தும் கொடுக்க முடியாமல் நான் அழுததை வீடே பார்த்தது. கையில் கிடைத்த ஒரே பிள்ளையை எனக்காக இறக்கிவைத்துவிட்டு, வடுகபட்டி வரைக்கும் மதினி பஸ்ஸில் எப்படி உட்கார்ந்து போயிருப்பார் என்று நினைத்தால், அன்று தோற்றது நான் மட்டும் இல்லையே என்று இன்றும் மனசு கனத்துப்போகிறது.