டீச்சரைத் தூக்கிய ஆறு பேர்

2003-ஆம் வருஷம், சித்திரை மாதம். கல்யாணமாகி நான் கூடுவாஞ்சேரியில் குடியிருந்தேன். காலையில் குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது, போன் வந்திருக்கிறதென்று பக்கத்து வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். எங்கள் பி.டி. டீச்சர் இறந்துவிட்டாராம். குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, கட்டியிருந்த சேலையோடு பஸ் ஏறினேன்.

செங்கல்பட்டில் நான் படித்த பெண்கள் பள்ளியில் அவர்தான் எங்களுக்கு வாலிபால் சொல்லிக் கொடுத்தார். சொல்லிக் கொடுத்தார் என்பது பாதிதான். எங்களை ஆட விடச் சொல்லி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வந்து நின்றவர் அவர். "வயசுப் பொண்ணு அரை டவுசர் போட்டுகினு குதிக்கிறதா?" என்று எங்கப்பா கத்தினார். டீச்சர் அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். மறுநாள் வந்தார். அடுத்த வாரமும் வந்தார். கடைசியில் அப்பாவே, "இந்தம்மா தொல்லை தாங்கல, போய் ஆடு போ" என்றுவிட்டார். நான் ஜெயித்து வந்த முதல் கோப்பையைத் தெரு முழுக்கக் காட்டிக்கொண்டு போனதும் அதே அப்பாதான்.

மதுராந்தகம், அச்சரப்பாக்கம் என்று மேட்சுக்குப் போவோம். பஸ்ஸில் எங்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்று வருவார். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரிட்டயர் ஆனதும், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். புற்றுநோய் என்று கேள்விப்பட்டு ஒரு முறை போய்ப் பார்த்தேன். "குண்டாயிட்டியே, ஓடுறதில்லையா?" என்றுதான் கேட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது எங்கள் டீமின் மற்ற ஐந்து பேரும் வந்திருந்தார்கள். கேப்டன் போலீஸில் இருந்தாள். ஒருத்தி கைக்குழந்தையோடு வந்திருந்தாள். பள்ளியை விட்டபின் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்ததே அன்றைக்குத்தான். டீச்சர் கால்மாட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம்.

வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் எடுத்துவிடலாம் என்றார்கள். சுடுகாடு சவுக்குத் தோப்பைத் தாண்டி, கடலை ஒட்டி இருந்தது. வழியெல்லாம் மணல் என்பதால் வண்டி போகாது, தோளில்தான் தூக்க வேண்டும். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவது அந்த ஊர் வழக்கம். எங்கள் ஊர்களிலும் அதே வழக்கம்தான். ஆண்கள் நாலைந்து பேர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு குனிந்தார்கள். அப்போதுதான் கேப்டன் எழுந்து சொன்னாள்:

"இருங்கண்ணா. நாங்க தூக்குறோம்."

சட்டென்று பறை நின்றுவிட்டது. ஒரு பெரியவர்தான் முதலில் எகிறினார். "இன்னாம்மா பேசுற? பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வர்றதா? நாங்கல்லாம் எதுக்குக் கீறோம் இங்க?" அவருக்குப் பின்னால் இன்னும் பலர் கத்த ஆரம்பித்தார்கள். இவள் ஏன் சாவு வீட்டில் போய் இப்படிச் செய்கிறாள் என்றுகூட நினைத்தேன். கேப்டன் தலைமாட்டில் போய் நின்றுகொண்டாள், அவ்வளவுதான். அவளைப் பார்த்து இன்னொருத்தி எழுந்தாள். அப்புறம் எப்படியோ நானும் எழுந்து நின்றிருந்தேன்.

எல்லோரும் டீச்சரின் அண்ணனைப் பார்த்தார்கள். எழுபதைத் தாண்டிய மனுஷர். கொள்ளிச் சட்டியைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தினி வருசம் இவ யாரு கூட ஊரு ஊரா சுத்திகினு இருந்தா? இந்தப் பொண்ணுங்க கூடத்தான். அதுங்களே கூட்டிகினு போவட்டும்" என்றார்.

தூக்கக் குனிந்திருந்த ஆண்கள் விலகி நின்றார்கள். கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டு அம்மா வாங்கிக்கொண்டார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பக்கத்துக்கு மூன்று பேராகத் தூக்கினோம்.

தெருமுனை வந்தது. அங்கே நின்றிருந்த பெண்கள் எங்களைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் நிற்காமல் தாண்டிப் போனோம். தோப்பு வரும்வரை மணல் காலைச் சுட்டது. நடுவழியில் பாடையை இறக்கி, திசை மாற்றித் தூக்குவார்கள் இல்லையா, அங்கே இறக்கினோம். மறுபடி தூக்கக் குனிந்தபோதுதான் கவனித்தேன். யாரும் யாருக்கும் சொல்லவில்லை, ஆனால் ஆறு பேரும் ஆளுக்கு ஓர் இடம் தள்ளி நின்றிருந்தோம். வாலிபாலில் சர்வீஸ் எங்கள் பக்கம் கைமாறி வரும்போது கோர்ட்டில் ஆளுக்கு ஓர் இடம் நகர்வோமே, அதே மாதிரி, அதே வரிசையில். கேப்டன் என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷம் கழித்தும் டீச்சர்தான் எங்களை நகர்த்துகிறார் என்று எனக்குத் தோன்றியது.

அப்போது முன்னால் யாரோ குனிந்து குனிந்து போவது தெரிந்தது. எங்களைத் திட்டிய அந்தப் பெரியவர்தான். வழியில் கிடந்த முள்ளையும் கிளிஞ்சலையும் கையால் ஒதுக்கிக்கொண்டே போனார். "பாத்து வாங்கம்மா, இங்க பள்ளம் கீது" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

அண்ணன் கொள்ளி வைத்தார். புகை கடல்காற்றில் தோப்புப் பக்கம் சாய்ந்து போனது. ஆண்கள் ஒதுங்கி எங்களுக்கு இடம் விட, அதுவரை சுடுகாட்டையே பார்த்திராத நாங்கள் ஆறு பேரும் கைகோத்து நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். யாருக்கும் பயமாக இல்லை.

டீச்சரின் உடம்பில் கனமே இருக்கவில்லை. எங்கள் ஆறு பேரையும் வீட்டை விட்டு வெளியே இழுத்துக்கொண்டு வந்தவர் இவ்வளவு லேசாகவா இருந்தார் என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.