சந்தைக்காரர் கையில் அரம்

குரங்கணியிலிருந்து மலைத் தோட்டங்களுக்கு அரிசி ஏற்றிப்போய், ஏலக்காய் மூட்டையோடு இறங்கும் பொதிக்குதிரைகள் எங்களுடையவை. சென்ற ஏலக்காய்ப் பருவத்தில் எங்கள் செவலைக் குதிரை புல்லை மென்று பாதியிலேயே துப்பியது. வயிறு ஒட்டிப்போயிற்று.

கடைவாய்ப் பல் கூராகிக் கன்னத்தைக் குத்துகிறது, அரத்தால் ராவிவிட வேண்டும் என்றார்கள் மற்ற குதிரைக்காரர்கள். சந்தையில் பல் ராவுவதில் பேர்போன ஒருவரை என் கணவர் போடியிலிருந்து கூட்டி வந்தார்.

அவர் அரத்தை நேராக முன்பல்லில் வைத்தார். குதிரையை இழுத்துக்கொண்டேன்.

"அண்ணே, வலிக்கிற பல்லு எதுன்னு மொதல்ல தொட்டுக் காட்டுங்க."

"எத்தனை குதிரைக்கு ராவியிருக்கேன், என்னையவா கேக்குற ஆத்தா?"

"விக்கிறதுக்கு ராவுனீங்களா, தீனி திங்கிறதுக்கு ராவுனீங்களா?"

அவர் அரத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டார். குதிரையின் வயதை முன்பல்லைப் பார்த்துத்தான் சொல்வார்கள்; கிழட்டுக் குதிரையை இளசாகக் காட்டி விற்க முன்பல்லை ராவுகிறவர் அவர். கடைவாய்க்குள் கைவிட்டதே இல்லை.

மறுநாள் மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து கடைவாய்ப் பல்லை ராவினார். சாயங்காலமே செவலை கொள்ளு தின்றது.

டாக்டர் முன்னால் கடைவாய்ப் பல் ராவிக் காட்டாதவர் நம் குதிரைகளைத் தொடக் கூடாது என்று குதிரைக்காரர்களைக் கூட்டிச் சொன்னேன். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அரத்தோடு வருகிறவர்களை டாக்டரிடம் அழைத்துப் போவது இப்போது என் சோலி. அப்படி டாக்டரிடம் கற்றுத் தேறிய முதல் ஆள் அந்தச் சந்தைக்காரர்தான். புதிதாக யாராவது வந்தால், "மொதல்ல அந்த ஆத்தாவப் பாத்துட்டு வா" என்று அவரே அனுப்புகிறார்.