ஏகமனதாக வாங்கிய கம்ப்யூட்டர்

சென்ற வாரம் மகளுக்கு லேப்டாப் வந்தது. விண்டோஸா, மேக்கா, எதை வாங்குவது என்று அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் விளக்கிச் சொல்லத் தயாராக இருந்தேன். அதனால்தான் கேட்கவில்லையாம், மனைவி சொல்கிறாள். பெட்டியைப் பிரித்ததும் புதுப் பிளாஸ்டிக் வாசனை கூடம் முழுக்கப் பரவியது. எனக்கு அந்த வாசனை வந்தால் கூடவே தெர்மோகோல் உராயும் சத்தமும் கேட்கும். பல் கூசும். பல் கூசியபடியே அப்பா நினைவுக்கு வருவார், மின்சார ரயிலில் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு, பிறந்த குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவருகிற முகத்தோடு.

ரயிலுக்கு முன்னால் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். தீர்மானம் இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் வாளிகூட உள்ளே வந்ததில்லை.

கிழக்குத் தாம்பரத்தில் சேலையூர் பக்கம் எங்கள் வீடு. அப்பா எங்கள் நகரின் நலச்சங்கச் செயலாளர். தெருவிளக்கோ கொசு மருந்தோ, எதுவானாலும் கூட்டம் போட்டு, நீளமான நோட்டில் 'ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதினால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். பெரும்பான்மை என்ற சொல்லே அவருக்கு ஆகாது. எதிர்த்துப் பேசுகிறவரைக் கை தூக்கும்வரை வீட்டுக்கு விடமாட்டார். அலுத்துப்போய்த் தூக்கிய கைகளால்தான் எங்கள் நகருக்குப் பாதி வசதிகள் வந்தன. இதே சட்டம் வீட்டுக்கும் உண்டு. ப்ளஸ் டூவில் நான் எந்தப் பிரிவு எடுப்பது என்பதே நோட்டில் ஏறிய விஷயம். அதிலும் நான் கை தூக்கியிருக்கிறேன், தூக்கம் வந்ததால்.

கம்ப்யூட்டர் வாங்க வேண்டியது அக்காவுக்காக. பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். தமிழ்த் தட்டச்சில் ஹையர் தேறியவள். பத்து விரலும் ஓடும். குரோம்பேட்டையில் ஓர் அச்சகம், பள்ளிப் பிள்ளைகளுக்கான வினா வங்கிகள் போடுகிறவர்கள். முதலாளி அவளிடம் சொல்லியிருந்தார்: "வீட்ல ஒரு மெஷின் வச்சுக்கோம்மா. முதல்ல இருபது பக்கம் அடிச்சுக் கொண்டா. சரியா இருந்தா மாசாமாசம் வேலை." அச்சகத்தில் இருந்த பழைய மேக் ஒன்றைக் குறைந்த விலைக்குக் கழித்துக் கொடுக்கவும் தயாராக இருந்தார். அப்பாவும் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: "மாசாமாசம் வேலை வருதுன்னா ஜாதகத்தை இப்போதைக்கு வெளில எடுக்கல. இல்லேன்னா தை பொறந்ததும் பார்க்க ஆரம்பிச்சுடுவேன்." ஆகவே அக்காவுக்கு வேண்டியது கம்ப்யூட்டர்கூட இல்லை, கொஞ்சம் காலம்.

எனக்கு வேண்டியது கார். கம்ப்யூட்டருக்குள் ஓடும் கார். நண்பன் ஒருவன் கொடுத்த சிடியில், எதிரே வருகிற எல்லா வண்டிகளையும் இடித்துக்கொண்டே ஓட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. விண்டோஸில் மட்டும்தான் ஓடும். என்னுடைய தொழில்நுட்பக் கொள்கை முழுவதும் அவ்வளவுதான். ஆனால் மேற்குத் தாம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்கு மூன்று வாரம் போய்வந்ததால், வீட்டில் நான்தான் நிபுணர். ஃப்ளாப்பியை எந்தப் பக்கமாகச் செருகுவது என்று தெரிந்தவனுக்கு அந்த நாளில் கிடைத்த மரியாதை இன்று யாருக்கும் கிடைக்காது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அம்மா வெங்காயம் உரித்தபடி உட்கார்ந்திருந்தாள். முதலில் ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடியை அப்பா கையில் எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார். இலவசம் என்பது அவரை அசைத்துவிட்டது. "இதைப் போட்டா என்னடா?" என்றார். எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. எனவே, "அது விஞ்ஞானிங்களுக்குப்பா" என்றேன். சிடியைப் பயபக்தியோடு கீழே வைத்துவிட்டார்.

"மேக் வாங்கலாம்பா," என்றாள் அக்கா. "பிரஸ்ல இருக்கறதும் அதுதான். அடிச்சா அப்படியே அங்க போயிடும்."

"ரிப்பேர்னா யாருக்குத் தெரியும்?" என்றாள் அம்மா. "எதிர் வீட்ல இருக்கறதையே வாங்குங்க. அந்தப் பையனைக் கூப்ட்டா வந்து பார்த்துட்டுப் போவான்."

எதிர் வீட்டில் இருந்தது விண்டோஸ். அம்மாவை அன்றுபோல் நான் என்றும் நேசித்ததில்லை. அப்பாவும் அந்தப் பக்கம் சாய்ந்தார். கை தூக்காதது அக்கா மட்டும்தான். பேனாவை மூடாமல் அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "டேய், விளையாட்டு இல்ல, நெஜமா சொல்லு. இதுல அடிச்ச தமிழ் பிரஸ் மெஷின்ல அப்படியே வருமா?"

"வராம? தமிழ் எங்க போனாலும் தமிழ்தானே அக்கா!"

எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனி ராஜ்ஜியம். ஒன்றில் அடித்தது இன்னொன்றில் திறந்தால் வேறு ஏதோவாக நிற்கும் என்று சென்டரில் ஒரு நாள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கார் ஞாபகத்தில் பாதிதான் காதில் விழுந்தது. அந்தப் பாதியையும் நான் வெளியே சொல்லவில்லை. அக்கா கை தூக்கினாள். அப்பா நோட்டில் எழுதியதை உரக்கப் படித்தார்: "தொழில்நுட்ப ஆலோசகர் அளித்த உறுதியின்பேரில், ஏகமனதாக." எனக்குப் பெருமையில் காது சுட்டது.

ரிச்சி தெருவில் பாகங்களாக வாங்கிப் பூட்டித் தரச் சொல்லி, அப்பாவும் நானும் பார்க் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். கூட்டத்துக்குப் பயந்து, கூடை வியாபாரிகள் ஏறும் வெண்டர் பெட்டி. கீரைக்கூடைகளுக்கு நடுவே அப்பா, மடியில் மானிட்டர்.

"இன்னா சார், புது டிவியா?" என்றாள் கூடைக்காரம்மா.

"கம்ப்யூட்டர்மா."

"படம் தெரியும்ல? அப்ப டிவிதான். இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு? கீழ வை சார், கீரை மேல மெத்துனு கீது."

அப்பா வைக்கவில்லை. தாம்பரத்தில் இறங்கியபோது அவர் கால் மரத்துப்போய், மானிட்டரை என்னிடமும் தன்னைக் கூடைக்காரம்மாவிடமும் கொடுத்து இறங்கினார்.

கம்ப்யூட்டருக்குப் பழைய புடவையில் அம்மா உறை தைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அருகே போகலாம். சுவரில் அப்பா எழுதிய நேர அட்டவணை: காலை பத்து முதல் பன்னிரண்டு அக்கா, மாலை நான். எனக்குக் காலேஜ் இல்லாத நாளில் பதினொன்றரைக்கே அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

"போதும், எழுந்திரு. மானிட்டர் தேஞ்சுடும்."

"போடா குரங்கே. உன் காரு எங்கயும் ஓடிப் போயிடாது."

பேசிக்கொண்டே அடிப்பாள், விரல் நிற்காது. ஓட்டுக் கூரையில் மழை பிடித்தது போல ஒரே சீராக இருக்கும் அந்தச் சத்தம். நான் இரண்டு விரலால் தேடித் தேடிக் குத்துகிறவன். நான் உட்கார்ந்தால் கோழி கொத்துகிற மாதிரி இருப்பதாக அவள் சொல்வாள். இருபது பக்கம் ஒரே வாரத்தில் முடிந்தது.

ஃப்ளாப்பியை ஒரு டிபன் டப்பாவுக்குள் வைத்து எடுத்துக்கொண்டு குரோம்பேட்டை போனோம். அச்சகத்தில் மை வாசனை. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அண்ணன் ஃப்ளாப்பியைப் போட்டுத் திறந்தார். திரை முழுக்கத் தொப்பி போட்ட ஆங்கில எழுத்துகள். அவர்களுடைய தமிழ் எழுத்துருவுக்கு மாற்றிப் பார்த்தார். இப்போது எல்லாம் தமிழ் எழுத்துதான், ஆனால் ஒன்றுகூட வார்த்தை இல்லை.

"இன்னாம்மா இது," என்றார் அந்த அண்ணன். "எறும்பு ஊர்ந்துகினு போற மாறி கீது."

அக்கா திரையைப் பார்த்தபடி நின்றாள். "வீட்ல சரியா இருந்துச்சுண்ணா," என்றாள்.

முதலாளி வந்து பார்த்தார். நல்ல மனிதர், கோபப்படவில்லை. "அந்தப் பழைய மெஷினையே எடுத்துக்கிட்டிருக்கலாமேம்மா. நீ வேணாம்னதும் பல்லாவரத்துப் பொண்ணு ஒண்ணு எடுத்துட்டுப் போயிடுச்சு. அது அடிச்சது அப்படியே வருது. வேலையை அதுக்கே சொல்லிட்டேன்." காபி வரவழைத்துக் கொடுத்தார். அக்கா முழுவதும் குடித்தாள்.

ரயிலில் திட்டுவாள் என்று காத்திருந்தேன். சானடோரியம் ஸ்டேஷன் தாண்டியும் திட்டவில்லை. ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டு வாங்காமல் அவ்வளவு தூரம் அவளோடு நான் அதுவரை பயணம் செய்ததில்லை.

வீட்டில் அப்பா கேட்டார், "என்னம்மா ஆச்சு?"

நான் வாயைத் திறக்கும் முன்பே அக்கா சொன்னாள்: "எனக்குத்தாம்பா சரியா அடிக்க வரல. நிறையத் தப்பு."

ஹையர் தேறியவள். நான் வாயை மூடிக்கொண்டேன். மூடியது மூடியதுதான்.

தை பிறந்தது, ஜாதகம் வெளியே வந்தது. வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு நாக்பூரில் வேலை. அவள் போன பிறகு காலை பத்து முதல் பன்னிரண்டும் எனக்கே வந்தது. கூட்டம் போடாமலே அப்பா அட்டவணையில் அக்கா பெயரை அடித்து என் பெயரை எழுதினார். நாற்காலிக்குப் பின்னால் யாரும் இல்லை. காரை ஓட்டினேன். இரண்டு மூன்று நாளில் அலுத்துவிட்டது.

அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அப்பா இல்லை, அம்மா இல்லை. ஒரே கம்ப்யூட்டருக்கு நாலு பேர் சண்டை போடும் வீடும் இப்போது எங்கேயும் இல்லை. எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு ஏழு கருவிகள், ஒருவருடையதை இன்னொருவர் தொடுவதில்லை. எழுத்துருச் சண்டைகளும் ஓய்ந்துவிட்டன. எந்தக் கருவியிலிருந்து எதற்கு அனுப்பினாலும் தமிழ் ஒரு புள்ளி கலையாமல் போய்ச் சேருகிறது.

முந்தாநாள் அந்தத் தைரியத்தில் அக்காவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். எனக்கு அன்றே தெரியும் என்பதையும், சென்டரில் காதில் விழுந்த பாதியையும், காரையும். இரண்டு விரலால் எழுதியதில் ஒரு மணி நேரம் ஆனது. அனுப்பினேன். சற்று நேரத்தில் அவள் குரல் வந்தது. அக்கா இப்போது எதையுமே தட்டச்சு செய்வதில்லை, பேசித்தான் அனுப்புவாள்.

"என்னடா இவ்ளோ நீளமா எழுதியிருக்க? எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. போன் பண்ணு, நீயே படிச்சுக் காட்டு."

இன்னும் போன் பண்ணவில்லை.