ரேடியேட்டர் மூடிக்கு ஒரு நீலத் தோல்

கார் கொதித்து நிற்கும்போது ஆவி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே வாடை வந்துவிடும். துருவும் உப்புத் தண்ணீரும் சூடேறிய ரப்பரும் ஒன்றாக வேகிற வாடை அது, ஒருமுறை மூக்கில் ஏறினால் ஆயுசுக்கும் மறக்காது. எனக்குப் பதினோரு வயதில் ஏறியது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனால் இன்றைக்கு ஆம்பூரில் என் பெயரில் பதினான்கு வாடகைக் கார்கள் ஓடுகின்றன, அதில் ஒன்றுகூட இஞ்சின் சூடாகி நடுரோட்டில் நின்றதில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. படித்துப் பட்டம் வாங்கிய மெக்கானிக்குகள் என்னிடம் வந்து சந்தேகம் கேட்கிறார்கள், நானும் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

என் அப்பாவை நாங்கள் 'நைனா' என்றுதான் கூப்பிடுவோம். தோல் பதனிடும் 'டேனரி' ஒன்றின் முதலாளிக்கு அவர் டிரைவர். அம்மாவுக்கு அதே டேனரியில் தோலின் ஓரங்களை வெட்டிச் சீராக்கும் 'டிரிம்மிங்' வேலை. டேனரிக்குப் பின்னால் டிரைவருக்கென்று கொடுத்த ஒற்றை அறையில் குடியிருந்தோம். நைனா கையில் கார்ச் சாவி இருக்கும் வரைக்கும்தான் எங்கள் கையில் வீட்டுச் சாவி.

முதலாளியின் அந்தப் பெரிய கறுப்புக் காருக்கு ஒரு கோடையில் வியாதி வந்தது. ரேடியேட்டர் மூடிக்குள் இருக்கும் ரப்பர் வாசர் வெடித்துப் போய்விட்டது. மூடி என்றால் சும்மா மூடி வைப்பதற்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உள்ளே ஆவியை அடக்கி வைத்தால்தான் தண்ணீர் சீக்கிரம் கொதிக்காது, அந்தச் சின்ன வளையம் போனால் தண்ணீரெல்லாம் ஆவியாக வெளியேறி இஞ்சின் காய்ந்துவிடும். புது மூடி மெட்ராஸிலிருந்து வர வேண்டும். அதுவரைக்கும் என்று நைனா எங்கள் ஊர்க்காரர் எவரும் செய்கிற வேலையைச் செய்தார்: தோலில் ஒரு வாசர் வெட்டிப் போட்டார். கைப்பம்பு, சைக்கிள் பம்பு, கிணற்று மோட்டார், எதற்குத்தான் நாங்கள் தோல் வாசர் போடவில்லை? ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட சிவப்புத் தோல், செருப்புக்கு அடியில் வைக்கிற மாதிரி கெட்டியானது, பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. விரிஞ்சிபுரம் தாண்டுவதற்குள் கார் கொதித்து, முதலாளி சலவைச் சட்டையோடு அரைமணி நேரம் வெயிலில் நின்றார்.

திரும்பி வந்ததும் டேனரி வாசலில் எல்லோருக்கும் கேட்கும்படி அவர் சொன்னார்: "கோவிந்து, நாளைக்கு மெட்ராஸ் போறோம். வெளிநாட்டுப் பார்ட்டி வர்றான். அவன உக்கார வெச்சிகினு வண்டி நின்னுச்சின்னு வை, சாவிய மேஜ மேல வெச்சிட்டுப் போய்கினே இரு."

நைனா சாயங்காலமே அதே சிவப்புத் தோலில் இன்னும் கெட்டியான துண்டாகப் பார்த்து எடுத்து, அடுத்த வாசரை வெட்ட உட்கார்ந்தார். காரிலிருந்து கழற்றிய பழைய வாசர் பக்கத்தில் கிடந்தது, பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டு, பாதி அளவாகச் சிறுத்து. அதைப் பார்த்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

தினமும் மத்தியானம் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவள் நான். அங்கே மேஸ்திரி 'பாயில் டெஸ்ட்' பார்ப்பதை எத்தனையோ முறை நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். குரோம் என்கிற ரசாயன உப்பில் ஊறி நீலமாகி வரும் தோலை டேனரியில் 'புளூ' என்பார்கள். அதில் ஒரு துண்டை வெட்டி, காகிதத்தில் வைத்துச் சுற்றிலும் பென்சில் கோடு போட்டு, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, மறுபடியும் அதே கோட்டின் மேல் வைப்பார். அளவு மாறாமல் உட்கார்ந்தால் தோல் பதம். சுருங்கினால் அந்தத் தோல் மொத்தமும் திரும்ப ஊறப் போக வேண்டியதுதான்.

"நைனா, இதுவும் சுருங்கிடும்" என்றேன்.

"போடி, இது எவ்ளோ கெட்டி தெரியுமா? நீ இன்னா மேஸ்திரியா?"

"கெட்டியா இருந்தா இன்னா? பட்டைத் தோலு கொதிக்கிற தண்ணிக்கு நிக்காது. புளூதான் நிக்கும்."

"அது ஈரத் துணியாட்டம் இருக்குது. அத காருக்குப் போட்டா ஊரே சிரிக்கும்."

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "காரு ஓட்றவருக்குத் தோலு தெரியாது. தோலு வெட்றவளுக்குக் காரு தெரியாது. ரெண்டும் தெரிஞ்சவ ஒருத்தி சொல்றா, போட்டுத்தான் பாரேன்யா." அடுத்த நொடியே என் பக்கம் திரும்பி, "சோத்துப் பானைல போட்டியோ, கைய ஒடிச்சிடுவேன்" என்று ஒரு காலி டின்னில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தார்.

அம்மா கழித்துப் போட்ட ஓரத் துண்டுகளிலிருந்து ஒரு நீலத் தோலை எடுத்துவந்தேன். நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று, இரண்டுக்கும் காகிதத்தில் கோடு போட்டுவிட்டு டின்னில் போட்டேன். எடுத்து வைத்தபோது சிவப்பு முறுக்கிக்கொண்டு கோட்டுக்குள் ஒடுங்கிக் கிடந்தது. நீலம் கோட்டின் மேல் அப்படியே உட்கார்ந்தது. நைனா இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கத்திக்குக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. பழைய ரப்பரை அளவு வைத்து, அம்மாவின் டிரிம்மிங் கத்தியால், பிசிறில்லாமல் நானே வெட்டினேன். அவர் கிரீஸ் தடவி மூடிக்குள் பொருத்தினார்.

மறுநாள் முழுக்க நான் கேட்டை விட்டு நகரவில்லை. ஹாரன் சத்தம் கேட்டபோதெல்லாம் அம்மா டிரிம்மிங் மேஜையிலிருந்து எழுந்து எட்டிப் பார்த்தார். பொழுது சாயும்போது கறுப்புக் கார் உள்ளே வந்தது. நான் முதலில் மூக்கைத்தான் தூக்கினேன், வாடை இல்லை. பின்கதவைத் திறந்துகொண்டு வெளிநாட்டுக்காரர் சிரித்தபடி இறங்கினார்.

முதலாளி பானட்டில் தட்டினார். "இன்னா கோவிந்து, இன்னிக்கு ஒரு பேஜாரும் இல்ல! எந்த மெக்கானிக்கு பாத்தான்?"

"நானே ஒரு வாசர் வெட்டிப் போட்டேங்க மொதலாளி" என்றார் நைனா. நான் அவருக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தேன்.

அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை. "நீ வெட்னியாக்கும்?" என்று அம்மா கேட்டதற்கு நைனா தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "பதினோரு வயசுப் பொண்ணு வெட்டுச்சின்னு சொன்னா அவரு திரும்ப இந்த வண்டில ஏறுவாரா? சாவி போய்டும்டி." அவர் சொன்னது நியாயம்தான். இருந்தாலும் இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை.

மூன்றாம் நாள் காலையில் கார் நிறுத்தும் இடத்திலிருந்து கூப்பிட்டார். "பாப்பா, மெட்ராஸ்லேர்ந்து புது மூடி வந்துருக்குது. போட்லாமா வாணாமான்னு நீ பாத்து சொல்லு." ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்தி, பிளவு இருக்கிறதா என்று விரித்துப் பார்த்து, "போட்லாம்" என்றேன். அன்று முதல், இஞ்சின் ஆறிக் கிடக்கும் அதிகாலையில் நான் மூடியைத் திறந்து தண்ணீரைப் பார்க்காமல், ஹோஸ் குழாயை அழுத்திப் பார்க்காமல், ஃபேன் பெல்ட்டை விரலால் தள்ளிப் பார்க்காமல், அந்தக் கார் கேட்டைத் தாண்டியதில்லை. நான் படித்த படிப்பு அதுதான்.

இப்போது அந்தக் கார் இல்லை, டேனரி இருந்த இடத்தில் ஷூ கம்பெனியின் குடோன் நிற்கிறது, நைனாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்றைய கார்களில் வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பாவில் பச்சையும் ரோஜாவுமாகக் கூலன்ட் நிற்கிறது. தோலில் வாசர் வெட்டிப் போட்டால் உண்மையிலேயே ஊர் சிரிக்கும். ஆனாலும் பதினான்கு கார்களின் பானட்டையும் தினமும் காலையில் திறக்கச் சொல்லி நானே பார்க்கிறேன். "ஹீட் மீட்டரே சொல்லிடும் ஆயா" என்று பேரன் வயசு டிரைவர் பையன்கள் முனகுவார்கள். "கொதிச்சப்பறம் சொல்லும். நான் கொதிக்கறதுக்கு முன்னாடி சொல்றேன்" என்பேன்.

அந்த முதலாளியின் பேரன் விமான நிலையத்துக்கு என் காரில்தான் போய் வருகிறார். போன மாதம் அவரை நிறுத்தி வைத்து, உங்கள் தாத்தாவின் கார் அன்றைக்கு மெட்ராஸ் போய்த் திரும்பியது யார் வெட்டிய வாசரில் என்று சொன்னேன். "அப்டியா ஆயா!" என்று சிரித்துவிட்டு ஏறிக்கொண்டார். நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. நம்பாவிட்டால் போகட்டும். அதை வெட்டியது நான்தான்.