ஆய்வுக்காக அம்மா பேசியது

கல்லூரியில் அவள் பிரெஞ்சு டீச்சர். வீட்டில் ஒரு பேச்சு, வெளியில் ஒரு பேச்சு என்று மனிதர்கள் மாறுவதை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவள். அதற்காக அம்மாவின் பேச்சையும் பதிவு செய்திருந்தாள்.

அம்மா போய்ச் சேர்ந்த மறுவாரம் தம்பி வந்தான். "அம்மா குரல் உங்கிட்ட இருக்குல்லக்கா? கொஞ்சம் போடேன்."

போட்டாள். பாத்திரம் உருளும் சத்தம், அம்மாவின் இருமல். பிறகு, "டேய்..." என்றதும் ஒரு 'பீப்'. "சாப்பிட வாடா."

"என்னக்கா இது?"

"ஆய்வுல யார் பேரும் தெரியக் கூடாது. எல்லாப் பேரையும் அழிக்கணும். பேரோட இருந்த மூலப் பதிவையும் அழிச்சாச்சு. அதான் விதி."

"நல்லா படிச்சே போ!"

அவளுக்கு அழுகை வரவில்லை. பதிவு தெளிவாக இருக்கிறது என்று மட்டும் தோன்றியது.

"இன்னொரு தடவை போடு" என்றான்.

இம்முறை 'பீப்' வந்த இடத்தில், தம்பி தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டான்.