ராசப்பன் அகட்டிய சக்கரம்

பரமத்தி வேலூரில் மெக்கானிக் ராசப்பனின் வாய்க்கு எதிர்வாய் கிடையாது. மாட்டுவண்டிக்கு அச்சுப் போட்டுக்கொண்டிருந்தவர், ஊருக்குக் கார் வந்ததும் ஸ்பேனரைக் கையில் எடுத்தார். கார் என்பது மாடில்லாத வண்டி, அவ்வளவுதான் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை வயதான பிறகு அவரே என்னிடம் சொன்னார்.

1938 சித்திரையில், எருமப்பட்டிப் பக்கம் வறண்டு கிடந்த ஏரிக்குள் ரைஸ்மில் முதலாளிக்கும் கரூர் ஜவுளிக்காரருக்கும் கார்ப் பந்தயம். முதலாளி காரை ஓட்டுவது டிரைவர் சின்னுசாமி. திருப்பத்தில் கார் கவிழ்ந்துவிடுமோ என்று முதலாளிக்குப் பயம்.

"சக்கரத்த அகட்டிப்புட்டா முடிஞ்சுதுங்க" என்றார் ராசப்பன். மாட்டுவண்டிக்கு அப்படித்தான் செய்வார்கள். கிண்ணம்போல் குழிந்த இரும்புச் சக்கரங்களைக் கழற்றி, உட்புறம் வெளியே வரும்படி திருப்பி மாட்டினார். டயர்கள் மூன்று விரற்கடை வெளியே வந்தன.

ஓட்டிப் பார்த்த சின்னுசாமி தயங்கித் தயங்கி வந்தான்.

"அண்ணா, ஒவ்வொரு கல்லுக்கும் ஸ்டீரிங்கு கையப் புடுங்குதுங்க."

"உங்கையில வலுவில்லைன்னு சொல்லு. ஊட்ல சோறு போடறாங்களா இல்லியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் காரைத் துடைக்கப் போய்விட்டான்.

காரின் முன்சக்கரம் ஒரு முளையைச் சுற்றித் திரும்புகிறது. அந்த முளைக்கு நேர் கீழே, அதை ஒட்டியே டயர் தரையைத் தொட வேண்டும். கதவைக் கீல் பக்கம் தட்டினால் அசையாது, ஓரத்தில் தட்டினால் படாரென்று திறக்கும். ராசப்பன் டயரை ஓரத்துக்குத் தள்ளிவிட்டிருந்தார்.

மூன்றாம் சுற்றில் வலது சக்கரம் காய்ந்த குழி ஒன்றில் இறங்கியது. ஸ்டீரிங் வெடுக்கென்று சுழன்று சின்னுசாமியின் கட்டைவிரலை முறித்தது. கார் தறிகெட்டு ஏரிக்கரையில் மோதி நின்றது.

ராசப்பனுக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. "ஓட்டத் தெரியாதவங்கிட்டக் குடுத்தீங்க" என்றார் முதலாளியிடம். அவனை வைத்தியரிடம் தூக்கிப்போன நேரத்தில் சக்கரங்களைப் பழையபடி மாற்றியும் விட்டார். வெட்கங்கெட்ட வேலை. சின்னுசாமிக்கு வேலை போயிற்று. வெற்றிலைக் கொடிக்காலுக்குக் கூலிக்குப் போனான்; வெற்றிலை கிள்ளவும் கட்டைவிரல் வேண்டும் என்பதால் அங்கே தண்ணீர் சுமந்தான்.

ஒருநாள் ஒரு கவுளி வெற்றிலையோடு பட்டறைக்கு வந்தான்.

"அண்ணா, அன்னிக்கு நீங்க சக்கரத்த அகட்டி உட்டதாலதான் வண்டி கவுழல. என்ற உசுரு நீங்க குடுத்ததுங்க. எங்கையிலதான் வலுவில்லாமப் போச்சு."

இதைச் சொல்லும்போது ராசப்பன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நெசத்தச் சொல்ல நாக்கு வல்லீங்க. வெத்தலைய வாங்கிக்கிட்டேன். 'இனியாச்சும் நல்லாச் சாப்புடு சாமி'ன்னு புத்தி வேற சொல்லி அனுப்புனேன்."