ஃபேன் போட்டவன்

எந்த அறைக்குள் நுழைந்தாலும் தேவேந்திரன் முதலில் நிமிர்ந்து கூரையைப் பார்ப்பான். கல்யாண மண்டபம், தாலுகா ஆபீஸ், பெண் பார்க்கப் போன வீடு, எதுவானாலும் சரி. ஃபேன் சுற்றுகிறதா இல்லையா என்று தெரிந்த பிறகுதான் எதிரில் இருப்பவர் முகம் அவன் கண்ணில் படும். ஏழெட்டு வருஷமாக இந்தப் பழக்கம். "பொண்ணைப் பாக்க வந்தானா, ஃபேனைப் பாக்க வந்தானான்னு அவங்களே கேட்டாங்க" என்று அக்கா கலைவாணி இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பான். காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை.

அவன் வீட்டில் தறி நடுக்கூடத்தில் இருந்தது. பட்டு இழைகளைப் பிணைக்கும்போது காற்று ஆகாது. வேர்த்து ஒழுகினாலும் ஃபேனை நிறுத்தித்தான் வைத்திருப்பார்கள். வாசலில் யாராவது செருப்பு கழற்றும் சத்தம் கேட்டால் மட்டும் அப்பா, "டேய், ஃபேனைப் போடு" என்பார். வந்தவர் உட்காருவதற்கு முன்னால் அவர்மேல் காற்று பட வேண்டும். அந்த வீட்டு மரியாதை அது. சின்ன வயசிலிருந்து அந்த வேலை தேவேந்திரனுடையது. சொல்லாமலே கை சுவிட்சுக்குப் போகும் அளவுக்குப் பழகிவிட்டது.

ஊருக்கு வெளியே ஒரு தனியார் இன்ஜினீயரிங் கல்லூரியில் சேர்ந்தான். குடும்பத்தில் முதல் பட்டதாரி. அதே வகுப்பில் முசரவாக்கத்து ஜோதிகாவும் அப்படித்தான். அவள் அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர்.

மூன்றாம் வருஷம் வெப்பவியல் ஆய்வகத் தேர்வு. ஜோதிகாவுக்கு நேச்சுரல் கன்வெக்ஷன் வந்தது. நிற்கவைத்த பித்தளைக் குழாயை உள்ளிருந்து சூடாக்கி, சுற்றியிருக்கும் காற்று தானாக மேலெழும்போது எவ்வளவு சூட்டை எடுத்துப்போகிறது என்று கணக்குப் போட வேண்டும். அறைக்காற்று அசையக் கூடாது என்பதால் அந்தப் பக்கத்து ஃபேன்கள் எல்லாம் அணைந்திருந்தன. குழாயின் சூடு ஏறி ஒரே அளவில் நிற்பதற்குள் பொறுமை போய்விடும். பலர் காத்திருப்பதில்லை. போன வருஷத்து அளவுகளை மனப்பாடம் செய்துவந்து எழுதிவிடுவார்கள்.

"நீயும் பழசையே எழுதேன்மா, யாரு பாக்கப் போறாங்க" என்றான் தேவேந்திரன்.

"உன் வேலையைப் பாருபா. மிஷின் என்னா சொல்லுதோ அதைத்தான் எழுதுவேன்" என்றாள்.

அவனுக்கு வெப்பப் பரிமாற்றி. சுடுநீரும் குளிர்நீரும் எதிரெதிராக ஓடும் குழாய்கள். சீக்கிரமே முடித்துவிட்டுக் கதவோரம் நின்றிருந்தான். தாழ்வாரத்தில் வெளியூர்த் தேர்வாளரின் பூட்ஸ் சத்தம் கேட்டது. அவருக்குப் போட்டிருந்த நாற்காலி ஜோதிகாவின் மேஜைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. தேவேந்திரன் அதைக் கைக்குட்டையால் துடைத்தான். மேலே இருந்த ஃபேனைப் போட்டான். முதுகைக் காட்டிக்கொண்டு கணக்கில் குனிந்திருந்த ஜோதிகா அதைப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "சூடு நின்னுச்சுன்னு நெனைச்சேன், திரும்ப இறங்கிக்கினே இருக்குதுபா" என்று அவனிடமே முணுமுணுத்தாள். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இப்போது போய் அணைத்தால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று நின்ற இடத்திலேயே நின்றான்.

தேர்வாளர் அவள் தாளைப் பார்த்தார். "சூத்திரப்படி வர்றதைவிட ரெண்டு மடங்கு வந்திருக்கு. என்னம்மா இது?" என்றவர் மேலே பார்த்தார். "தலைக்கு மேல ஃபேனைப் போட்டுட்டு நேச்சுரல் கன்வெக்ஷன் பண்றியா?"

"நான் போடலை சார்."

"அப்ப அதுவும் நேச்சுரலா சுத்துதா?"

பையன்கள் சிரித்தார்கள். தேவேந்திரனும் சிரித்தான்.

அடுத்து அவன் முறை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். நல்ல மதிப்பெண் வந்தது. ஜோதிகா தேறவில்லை. வளாக நேர்காணல் அன்று அரியர் இருப்பவர்களை எழுந்து வெளியே போகச் சொன்னார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு அவனைத் தாண்டித்தான் போனாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தேர்வாளர் மறுபடி செய்யச் சொல்லியிருப்பார். தன் வாய்மொழித் தேர்வு கெட்டுவிடும் என்ற பயம் அது முடியும்வரைதானே? அதற்குப் பிறகு எது தடுத்தது?

இப்போது வேறொரு கல்லூரியில் அதே பாடத்தை நடத்துகிறான். போன மாசம் ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் ஜோதிகா ஏறினாள், கம்பெனிச் சீருடையில். அரியரை முடித்துவிட்டாளாம், ஆனால் கிடைத்தது ஒப்பந்த வேலைதான்.

"என்னாபா, வாத்தியார் ஆயிட்டியாமே?" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். "பசங்களை மேல பாத்துட்டு ஆரம்பிக்கச் சொல்லு. அன்னிக்கு ஃபேனை நானேதான் போட்டிருப்பேன் போல. எவ்ளோ யோசிச்சாலும் ஞாபகம் வரமாட்டேங்குது. அவ்ளோ வேர்த்துச்சு இல்ல, கை போயிருக்கும். அந்தாளு முன்னாடி போடலைன்னு வேற சாதிச்சேன். நெனைச்சா வெக்கமா இருக்குது."

நீ போடலை, நான்தான் போட்டேன் என்று சொல்ல வேண்டும். அதற்காகவே வாயைத் திறந்தான்.

"இப்போ எந்த ஷிஃப்ட்டு?" என்று கேட்டான்.

சொன்னாள். இறங்கும்போது நம்பரும் கொடுத்தாள், தங்கச்சிக்குக் கல்லூரி பார்க்கணும், கேட்டுச் சொல்லு என்று. கல்லூரி விவரத்தை அன்றே அனுப்பிவிட்டான். அவளுக்குச் சேர வேண்டிய மற்றதை இன்னும் அனுப்பவில்லை.